ரெண்டரை பார் சென்சார்

ஆகஸ்ட் 4, திங்கள்

கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தைக்கு இருபத்தைந்து வாரம். இன்னும் பத்து வாரமாவது உள்ளே இருக்க வேண்டுமாம். அதுவரை நான் படுத்தே கிடக்க வேண்டும். பாத்ரூமுக்கு மட்டும் எழுந்து போகலாம். படி இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். என் மூஞ்சியைப் பார்த்தாலே படி இறங்குகிறவள் என்று தெரிந்துவிடும் போல.

படிக்குக் கீழேதான் எங்கள் ஷெட். போத்தனூரில் காருக்கு டர்போ மாட்டித் தருகிற ஷெட். என் வீட்டுக்காரர் விசாகன் ஓட்டிப் பார்ப்பார். ஆரோக்கியம் அண்ணன் மாட்டுவார். எதை மாட்டுவது என்று நான் சொல்வேன். பம்ப் எவ்வளவு பெட்ரோல் தள்ள வேண்டும், இன்ஜெக்டர் எவ்வளவு பீச்ச வேண்டும், எந்த சென்சார், எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று லேப்டாப்பில் கணக்குப் போடுகிற மேப், எல்லாம் என் பொறுப்பு. பன்னிரண்டு வருஷமாக இதே பிழைப்பு. இனிமேல் மேலே படுத்துக்கொண்டு கீழே ஸ்பேனர் விழுகிற சத்தத்தை எண்ணலாம்.

"பக்கத்துல ஒரு நோட்டு வெச்சுக்க அம்மணி. இல்லாட்டி எங்களப் பேசியே கொன்னுருவே" என்று விசாகன்தான் இதை வாங்கிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 6, புதன்

மாத்திரை, மோர், மாத்திரை, அத்தை வைத்த கீரைக் கடைசல், மாத்திரை. அத்தை என்றால் விசாகனின் அம்மா. நான் ஒரு பக்கம் புரண்டால்கூட "மெதுவா, மெதுவா" என்கிறார். காரை ரிவர்ஸ் எடுப்பது போலத்தான் புரள்கிறேன்.

சாயங்காலம் விசாகன் கட்டில் காலருகே உட்கார்ந்து பேச்சை ஆரம்பித்தார். எனக்குத் தெரியும், எதற்கென்று. 31ஆம் தேதி, ஊருக்குத் தெற்கே இருக்கும் தனியார் விமான ஓடுதளத்தில் கால் மைல் போட்டி. புது டர்போ வாங்கி வைத்தாயிற்று. போன வருஷம் ஒன்று புள்ளி இரண்டு பார் அழுத்தத்தில் ஓட்டினார். இந்த வருஷம் ஒன்று புள்ளி எட்டு வேண்டுமாம்.

போன வருஷம் நான் ஓடுதளத்தின் ஓரத்தில் லேப்டாப்போடு நின்றிருந்தேன். கார் மூன்று சுற்று சுற்றிச் சுவரில் மோதியது. அவருக்குக் காறை எலும்பு முறிந்தது. கார் கதவைத் திறக்க நான்கு பேர் இழுத்தார்கள். திறக்கும் வரை உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

"இந்த வருஷம் வேண்டாம் மாமா" என்றேன்.

"கடைசியா ஒருக்கா அம்மணி. கொழந்த வந்துட்டா அப்பறம் எங்க?"

போன வருஷமும் கடைசி என்றுதான் சொன்னார். எட்டு வருஷம் கோயில் கோயிலாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து இப்போதுதான் ஒன்று தங்கியிருக்கிறது. இந்த மனுஷனுக்கு மண்டையில் ஏதாவது ஏறுகிறதா?

ஏறவில்லை. "சரி, பார்ட்ஸ் பாத்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலை முழுக்க பார்ட்ஸ். உண்மையைச் சொன்னால், படுத்த பிறகு இன்றுதான் மனுஷியாக இருந்தேன்.

டேங்குக்குள் பெரிய பம்ப். இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சாதாரண ரப்பர் ஹோஸ் ஊறிப் போய்விடும், அதனால் உள்ளே டெஃப்லான் வைத்த ஹோஸ். இன்ஜெக்டர் நான்கும் பெரியது. ரெகுலேட்டர், டர்போ காற்றோடு சேர்த்துப் பெட்ரோல் அழுத்தத்தையும் ஏற்றிக் கொடுக்கிற ரகம். இல்லாவிட்டால் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீச்சுவது எதிர்க்காற்றில் எச்சில் துப்புகிற கதைதான்.

அப்புறம் காற்று அழுத்த சென்சார். இதுதான் இன்ஜினுக்குக் கண். டர்போ எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்று இது சொல்வதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோல் ஊற்றும். ரெண்டரை பார் என்று ஒன்று, நாலு பார் என்று ஒன்று. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், முதுகில் அடித்த நம்பர்தான் வித்தியாசம். நாம் சும்மா மூச்சு விடுகிற காற்றே ஒரு பார். அதைக் கழித்துவிட்டால், ரெண்டரை பார் சென்சார் டர்போ தள்ளுவதில் ஒன்றரை வரைதான் பார்க்கும். அதற்கு மேல் போனால் அதற்குக் கண் தெரியாது. ஒன்றரை, ஒன்றரை என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

சென்னை ஷாநவாஸுக்கு போன் போட்டேன். "ரெண்டுமே கையில இருக்குக்கா, எது அனுப்பட்டும்?" என்றான்.

ரெண்டரை அனுப்பச் சொன்னேன். சின்ன சென்சார் இன்னும் நுணுக்கமாக அளக்கும். அது நிஜம். யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

விசாகனுக்கு லிஸ்ட் எழுதிக் கொடுத்தேன். எல்லாப் பார்ட்டுக்கும் நேரே அளவும் நம்பரும் எழுதியிருந்தேன். சென்சாருக்கு மட்டும் எழுத விட்டுப்போயிற்று.

ஆகஸ்ட் 11, திங்கள்

பார்சல் வந்தது. கீழே ஒரே குதூகலம். எனக்குக் கஞ்சி.

ஆகஸ்ட் 13, புதன்

லேப்டாப்பை வயிற்றின் மேல் வைக்கக் கூடாது என்று அத்தை தலைகாணி அடுக்கிக் கொடுத்தார். மேப் போட்டு முடித்தேன். மொத்த அழுத்தம் இரண்டு புள்ளி மூன்றைத் தொட்டால் பெட்ரோலை வெட்டிவிடும்படி ஒரு கட் வைத்தேன். அதாவது டர்போ ஒன்று புள்ளி மூன்றுக்கு மேல் தள்ளினால் இன்ஜின் மூச்சு விட்டுவிட்டு வாங்கும், கார் மேலே போகாது. சென்சாரின் கண் மறைவதற்கு முன்பே வெட்டிவிடும். ஒரு ஆபத்தும் கிடையாது. எல்லா மேப்பிலும் நான் கட் வைக்கிறவள்தான்.

ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். படியேறுகிற சத்தத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"ஒன்னு மூணு வரைக்கும் பிச்சுட்டுப் போகுது. அதுக்கு மேல யாரோ பின்னாடி புடிச்சு இழுக்கறாப்பல வெட்டுது அம்மணி."

"பிளக் பாருங்க மாமா. இடைவெளி அதிகமா இருக்கும்" என்றேன்.

வாய் தானாகச் சொன்னது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பிளக் மாற்றினார்கள். வெட்டுகிறது. பம்ப்புக்குப் போகிற ஒயர் பார்க்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 20, புதன்

புது ஒயர் இழுத்தார்கள். வெட்டுகிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆரோக்கியம் அண்ணன் மேலே வந்தார். அவர் எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஷெட்டில் இருக்கிறார், ஆனால் வீட்டுக்குள் வந்தால் வாசற்படியோடு நின்றுவிடுவார். கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். துடைக்கத் துடைக்கக் கிரீஸ் பரவிக்கொண்டிருந்தது.

"கண்ணு, ரெகுலேட்டரக் கழட்டித் திருப்பி மாட்டிட்டேன். ஹோஸ் ஒன்னொன்னா ஊதிப் பாத்துட்டேன். நா எங்கியோ தப்புப் பண்றனாட்டந் தெரியுது. வயசாகுதில்ல. கண்ணு கிண்ணு மங்குதோ என்னமோ."

"உங்க மேல தப்பில்லைங்ண்ணா."

"பின்ன?"

நான் விட்டத்தைப் பார்த்தேன். அவர் "செரி, நீ ஒடம்பப் பாரு" என்று போய்விட்டார். சீ, என்ன ஜென்மம் நான். அந்த மனுஷர் ராத்திரி சாப்பிடக்கூட இல்லையாம், அத்தை சொன்னார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

குழந்தை இரண்டு தடவை உதைத்தது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. அத்தை நெற்றியில் திருநீறு பூசி, கொழுக்கட்டையை வாயில் ஊட்டிவிட்டார். படுத்தபடியே பிள்ளையாரைக் கும்பிட்டேன். இன்னது வேண்டும் என்று கேட்க நா எழவில்லை.

விசாகன் சோர்ந்துபோய் வந்து உட்கார்ந்தார். "உடு அம்மணி. ஒன்னு மூணுலயே ஓட்டிக்கறேன். ஜெயிக்க முடியாது. பரவால்ல, போயிட்டு வந்தாப் போதும்."

அப்பாடா என்று இருந்தது. எழுதிவிடுகிறேன், இதை யார் படிக்கப் போகிறார்கள்? அவர் முகம் வாடியதைப் பார்த்துக்கொண்டே எனக்குள் சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் 30, சனி

கீழே காலையிலிருந்து சிரிப்பும் சத்தமும். கார் இரண்டு தடவை வெளியே போய்விட்டு வந்தது. விசாகன் மேலே வந்தபோது முகத்தில் ஒரு களை. "என்னங்க மாமா?" என்றால், "ஒன்னுமில்ல, நாளைக்குச் சொல்றேன்" என்கிறார்.

லேப்டாப்பைக் கொண்டுவரச் சொன்னேன். "உனக்கு ரெஸ்ட்டு. மூடிட்டுப் படு" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு. சாயங்காலம் எழுதுவது

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பிப் போனார்கள். ஒன்பது நாற்பதுக்கு வாட்ஸப்பில் ஒரு படமும் ஒரு குரல் செய்தியும் வந்தன. குரலில் அப்படி ஒரு குஷி.

"அம்மணி, எதுன்னு கண்டுபுடிச்சுட்டேன்! உன்ற கட்டு ரெண்டு புள்ளி மூணுலயே கெடந்துச்சு. படுத்துட்டே பண்ணுனதுல மறந்துட்டியாட்ட இருக்குது. உனக்குத் தொந்தரவு வேண்டாம்னு நானே மூணுக்கு ஏத்திட்டேன். நீ பண்றதப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டதுதான். படத்தப் பாரு. ஒன்னரைல கோடு கிழிச்சாப்பல நிக்குது! டர்போ அழுத்தத்த ஏத்தற திருகாணிய இன்னும் ரெண்டு சுத்துத் திருகியும் பாத்துட்டேன், ஆடல அசையல. இப்ப மொத ஓட்டத்துக்குப் போறேன். போனு பையில போயிரும், வந்து பேசறேன்."

படத்தைப் பார்த்தேன். அழுத்தக் கோடு ஏறி, ஒன்றரையில் தட்டி, அப்படியே நேராகப் போகிறது. எந்த டர்போவும் அப்படி நேராக நிற்காது. சென்சாருக்குக் கண் போய்விட்டது. நிஜத்தில் ஒன்று எட்டோ, இரண்டோ, இரண்டுக்கு மேலோ. முள் மீட்டர் இருந்தால் காட்டிக் கொடுத்திருக்கும், எல்லாம் திரையில் வருகிறதே என்று ஜூலையிலேயே கழற்றிவிட்டோம். கோடு அசையவில்லை என்று இவர் இன்னும் திருகுகிறார். திருகத் திருகக் காற்று ஏறுகிறது. கம்ப்யூட்டர் ஒன்றரைக்கு உண்டான பெட்ரோலைத்தான் ஊற்றுகிறது. காற்று அதிகம், பெட்ரோல் கம்மி, உள்ளே பிஸ்டன் அடுப்பில் வைத்த ஈயம் மாதிரி உருகும். நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில்.

போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. திரும்பப் போட்டேன். பதினோரு தடவை. ஆரோக்கியம் அண்ணனுக்குப் போட்டேன். கீழே ஷெட்டில் அவர் போன் பாட்டுப் பாடியது. சார்ஜில் போட்டுவிட்டு மறந்து போயிருக்கிறார். என் முதுகுக்குக் கீழே, இருபது படிக்குக் கீழே அது அடித்துக்கொண்டே இருக்கிறது.

"அத்தை! வண்டி புடிச்சு அங்க போக எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு மணி நேரமாவுங் கண்ணு. ஏன்? ஏன் இப்பிடி வேர்க்குது உனக்கு?"

போட்டி நோட்டீஸில் ஒரு நம்பர் இருந்தது. ஒரு பெண் எடுத்தாள். பின்னால் இன்ஜின் அலறுகிறது, அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. "வெள்ளக் காரு, விசாகன், போத்தனூர், அவர ஓட்ட விடாதீங்க" என்று கத்தினேன்.

"ஏனுங்க மேடம், என்ன காரணம்னு சொல்லோணும்ங்க, சும்மா நிறுத்த மாட்டாங்க."

காரணம். நாக்கு நுனியில் இருந்தது. சென்சார் தப்பு என்று இரண்டு வார்த்தை. யார் போட்டது என்று அடுத்துக் கேட்பார்கள்.

"எனக்கு வலி வந்துருச்சுன்னு சொல்லுங்க. அவர் சம்சாரம் பேசறேன். ஒடனே வரச் சொல்லுங்க."

"ஐயோ, இருங்க மேடம், லைன்ல இருங்க" என்று ஓடினாள். ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் தூரத்தில் ஒரு இன்ஜின் ஏறுகிற சத்தம். அது எங்கள் இன்ஜின். எத்தனை கூட்டத்திலும் எனக்குத் தெரியும். ஏறி, ஏறி, ஒரு வெடி. அப்புறம் ஜனம் கத்துகிற சத்தம். லைன் கட்டாகிவிட்டது.

ஒன்றேகால் மணி நேரம். போட்டால் யாரும் போனை எடுக்கவில்லை. நான் படுத்துக் கிடந்தேன். எழுந்து ஓடினால் வயிற்றில் இருப்பது போய்விடும், படுத்திருந்தால் அங்கே அவருக்கு என்ன ஆயிற்றென்று தெரியாது. அத்தை என் காலைப் பிடித்து அழுத்திக்கொண்டு முருகா முருகா என்றார். எனக்குச் சாமி பேர் ஒன்றும் வாயில் வரவில்லை.

படியில் காலடி கேட்டது. ரெண்டு ரெண்டு படியாகத் தாவி ஏறுகிற சத்தம். விசாகன். இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது, சட்டையெல்லாம் ஆயில், உயிரோடு இருந்தார்.

"வலி எங்க? எத்தன நிமிசத்துக்கொருக்கா வருது? வண்டி வரச் சொல்லட்டா?"

நான் ஓவென்று அழுதேன். அவர் வலி என்று நினைத்துக்கொண்டார்.

"இப்ப இல்ல. நின்னுருச்சு" என்றேன்.

செப்டம்பர் 1, திங்கள்

மூன்றாவது பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்து, இன்ஜின் பக்கவாட்டில் உடைந்து, ஆயில் பின் சக்கரத்தில் கொட்டியதாம். கார் வழுக்கி டயர் அடுக்கில் போய் மோதியது. புகை எழுந்ததும் தீயணைக்கிற பவுடரை அடித்து அணைத்துவிட்டார்கள். டயர் அடுக்கு இருந்தது அவர் அதிர்ஷ்டம். பத்தடி தள்ளியிருந்தால் கான்கிரீட்.

மணிக்கட்டில் சுளுக்கு மட்டும்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

ராத்திரி என் காலருகே உட்கார்ந்தார்.

"என்ற தப்பு அம்மணி. நீ காரணமாத்தான் கட்டு வெச்சிருப்பே. உன்னக் கேக்காமத் தூக்குனேன் பாரு. எம்புத்திய எதுல அடிக்கறது? நா அனுப்புன படத்தப் பாத்த அதிர்ச்சீல உனக்கு வலி வேற வந்துருச்சு. உனக்கோ கொழந்தைக்கோ ஒன்னு ஆயிருந்தா நா உசுரோட இருந்திருக்க மாட்டேன்."

அவர் அழுது நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். இது மூன்றாவது. நான் அவர் தலையைத் தடவிக் கொடுத்தேன். தடவிக் கொடுத்தேன், அவ்வளவுதான் செய்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

காரை விற்றுவிடப் போகிறாராம். இனிமேல் ஓட்டவே மாட்டாராம், குழந்தை மேல் சத்தியம் செய்தார். நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் 3, புதன்

இன்று சொல்லிவிட்டேன்.

தைரியம் வந்து சொல்லவில்லை. ஆரோக்கியம் அண்ணன் வேலையை விட்டு நிற்கிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டாராம். "மாட்டுனவன் நாந்தான, எங்கியோ லூசா உட்டுட்டனாட்ட இருக்குது, அந்தப் புள்ள மொகத்துல எப்பிடி முழிப்பேன்" என்று சொன்னாராம். அதைக் கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு படுத்திருக்க முடியவில்லை.

விசாகன் மத்தியானம் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தார். ஒரு கையால் பாட்டில் மூடியைத் திறக்கத் தடுமாறிக்கொண்டிருந்தார்.

"மாமா, அது ரெண்டரை பார் சென்சார்."

"எது?"

"காத்து சென்சார். நாலு பாருங் கையில இருக்குதுன்னு ஷாநவாஸ் சொன்னான். நாந்தான் ரெண்டரை அனுப்பச் சொன்னேன். ஒன்னு மூணுக்கு மேல நீங்க போகக் கூடாதுன்னு கட்டு வெச்சேன். மறந்து வெக்கல. வேணும்னே வெச்சேன். பிளக்கு, ஒயரு, ரெகுலேட்டரு, எதுலயும் ஒரு கோளாறும் இல்ல. தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவர் மூடியைத் திறந்து முடித்தார். தண்ணீரை டம்ளரில் ஊற்றினார். கோபப்படுவார், கத்துவார், டம்ளரை விட்டெறிவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். போன வருஷம் கதவைத் திறக்க நான்கு பேர் இழுத்ததைச் சொல்லியிருப்பேன். எட்டு வருஷத்தைச் சொல்லியிருப்பேன்.

"என்னக் கேட்டிருந்தா நின்னிருப்பனே" என்றார்.

கேட்டேன். ஆறாம் தேதி கேட்டேன், இந்த நோட்டிலேயே இருக்கிறது. ஆனால் ஒரு தடவைதான் கேட்டேன். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டேன்.

"அப்ப ஞாயித்துக்கெழம வந்த வலி?"

"அதுவும் பொய்."

மாத்திரையை என் கையில் வைத்தார். நான் விழுங்கும் வரை நின்றார். டம்ளரை வாங்கிக்கொண்டு கதவு வரை போய்த் திரும்பினார்.

"வேற எதெது?"

"வேற ஒன்னுமே இல்ல மாமா. சத்தியமா."

தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

செப்டம்பர் 4, வியாழன்

ஆரோக்கியம் அண்ணன் காலையில் வந்துவிட்டார். விசாகன் நேற்றே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். அண்ணன் என்னைப் பார்க்க மேலே வரவில்லை. வரவேண்டும் என்று எந்த முகத்தோடு எதிர்பார்ப்பேன்?

கீழே எட்டு மணியிலிருந்து வேலை நடக்கிறது. உடைந்த காரை வெளியே எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்தச் சத்தம் இல்லை. முதலில் டேங்க்கைத் திறந்தார்கள். பம்ப்பை எடுத்து, அதன் மேல் அடித்திருக்கிற நம்பரை விசாகன் உரக்கப் படிக்க, அண்ணன் திரும்பச் சொல்லிக்கொண்டே எழுதினார். அடுத்து ரெகுலேட்டர். அடுத்து ஒவ்வொரு இன்ஜெக்டராக. நான் கொடுத்த லிஸ்ட் கையில் இருக்கிறது, இருந்தும் பொருளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து நம்பரைப் படிக்கிறார். எல்லாமே சரியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு நம்பரும் எனக்கு மனப்பாடம். அவர் படிப்பதற்கு முன்பே நான் மேலே முணுமுணுக்கிறேன்.

பதினோரு மணிக்கு ஷெட்டில் நிற்கிற மற்ற வண்டிகளின் பானெட் திறக்கிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. வாடிக்கையாளர் வண்டிகள். நான் பார்ட்ஸ் எழுதிக் கொடுத்து, போன மாதமும் அதற்கு முந்தைய மாதமும் வேலை முடிந்து ஓடிக்கொண்டிருக்கிற வண்டிகள். போன் போட்டுத் திரும்ப வரவழைத்திருக்கிறார்.

அத்தை டீ எடுத்துக்கொண்டு கீழே போனார். பாதிப் படியிலேயே நின்று கேட்டார், அவர் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"டேய் விசாகா, நல்லா இருக்கற வண்டியப் போட்டு எதையடா கழட்டிட்டு இருக்கறே?"

"எல்லாத்தையும்மா" என்றார்.